தட்டச்சுச் சான்றிதழும் தீர்மானப் புத்தகமும்: மாஹிமைச் சுற்றி ஒரு நூற்றாண்டின் தலைமைக் கல்வி

கடந்த பருவத்தின் இறுதியில், மாஹிமுக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நடந்த பணி ஆயத்தப் பயிற்சிக்கு என்னையும் அழைத்திருந்தனர். தன்விவரக் குறிப்பு எழுதுவதற்கென அச்சிட்ட படிவமொன்றை மாணவர்களிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ‘தலைமைப் பொறுப்புகள்’ என்றொரு கட்டம். தாராவியிலிருந்து வரும் தமிழ் மாணவி ஒருவர், வணிகவியல் படிப்பவர், அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்.

“இதுல போட எனக்கு ஒண்ணுமே இல்ல சார்” என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் நடத்தும் சேமிப்புக் குழுவின் கணக்கை எட்டாம் வகுப்பிலிருந்து அவர்தான் எழுதிவருகிறார். யார் எவ்வளவு கட்டினார், யாருக்குக் கடன் கொடுத்தது, யாருடைய தவணை நிற்கிறது என்பதை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதும் அவரே. “அதைப் போடலாமே” என்றேன். “அது வீட்டு வேலை மாதிரிதானே சார்” என்று சிரித்தார்.

அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருந்தது என்பதே இப்பதிவின் கேள்வி. மாணவியின் கூச்சம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அக்கூச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு மாஹிம், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய நான்கு இடங்களுக்குள் கிடக்கிறது என்பது என் துணிபு.

மாட்டுங்கா: அளந்து காட்டக்கூடிய திறன்

மாஹிம் ரயில் நிலையத்தில் மேற்கே இறங்கினால் மாஹிம். கிழக்கே இறங்கினால் தாராவி. தெற்கே சிறிது தொலைவில் மாட்டுங்கா. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயைத் தொடர்ந்து 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலிலிருந்து நகரை வடக்கே விரிக்கத் திட்டமிட்டபோது உருவானவையே தாதர், மாட்டுங்கா குடியிருப்புகள். அவ்வடுக்கு வீடுகளில் பெருமளவு குடியேறியோர் தென்னிந்திய எழுத்தர்களும் அலுவலர்களும். பல மொழி பேசிய இவர்கள் ‘தென்னிந்தியர்’ என்ற ஒற்றை அடையாளத்தை அடைந்ததில் மாட்டுங்காவுக்கு இருந்த பங்கை வரலாற்றாய்வாளர் நிகில் ராவ் விரிவாக எழுதியுள்ளார். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே தோன்றியது. 1937-இல் மணீஸ் லஞ்ச் ஹோமும் 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி உணவகமும் வந்தன.

கல்லூரிகளும் இதே வட்டாரத்தில் குவிந்தன. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. கால்சா கல்லூரி 1937-இலும், போதார் வணிகவியல் கல்லூரி 1941-இலும் தொடங்கின. பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை 1943-இல் இங்கு வந்தது. மாஹிம் எல்லையில் ரூபாரெல் கல்லூரி 1952-இல் எழுந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரி சயனில் 1960-இல் திறக்கப்பட்டது.

ஆயினும் மாட்டுங்காத் தமிழர் பலருக்கு வேலை தேடித் தந்தது பட்டம் மட்டுமன்று. ஊரில் பள்ளி முடிந்த கையோடு தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, ‘ஏ எஸ் டி எஃப்’ என்று விரல் பழகி, சென்னை மாகாண அரசின் தொழில்நுட்பத் தேர்வில் லோயரும் ஹையரும் தேறி, சுருக்கெழுத்தையும் சேர்த்துக்கொண்டு ரயிலேறியவர்கள் அவர்கள். இக்கல்வியின் சிறப்பு அதன் அளவீட்டில் இருந்தது. நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற கணக்கு, திருச்சியில் எழுதினாலும் பம்பாயில் எழுதினாலும் மாறுவதில்லை. விடைத்தாளைத் திருத்தியவருக்கு மாணவனின் முகம் தெரியாது. சான்றிதழைப் பார்த்த மேலாளருக்கு அவனுடைய ஊர் தெரியாது. இருவருக்கும் அந்த எண் புரிந்தது. அந்நியர்கள் நிறைந்த பெருநகரில், அந்நியர் நம்பக்கூடிய சான்று என்பது பெரும் மூலதனம்.

இம்மூலதனம் எல்லோருக்கும் எட்டியதன்று. ஆங்கிலப் பள்ளிக்கும் இன்ஸ்டிட்யூட் கட்டணத்துக்கும் வழியிருந்த சாதிகளே இதில் முந்தின. மெஸ்ஸில் உடன் உண்பவர் சொல்லிவிடும் காலிப்பணியிடத் தகவலும் பெரும்பாலும் அதே வட்டத்துக்குள்ளேயே சுற்றிவந்தது.

தாராவி: அளக்கப்படாத திறன்

தாராவித் தமிழரின் வரலாறு வேறு வாசல் வழியாக வருகிறது. 1887-இல் இங்கு முதல் தோல் பதனிடும் தொழிற்சாலை வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் இசுலாமியரும் இன்னும் பலரும் இவ்வேலைக்கு வந்தனர். 1913-இல் இங்கு ஒரு பிள்ளையார் கோயில் கட்டப்பட்டது. 1920-களில் தென்னிந்திய ஆதிதிராவிட மகாஜன சங்கம் செயல்பட்டது. 1960-களில் எம். வி. துரைசாமியின் முன்முயற்சியில் உருவான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் 338 வீடுகளையும் 97 கடைகளையும் கொண்ட பாலிகா நகரை எழுப்பியது.

கோயிலோ சங்கமோ கூட்டுறவோ, ஓர் அமைப்பு தொடர்ந்து நடக்க வேண்டுமெனில் மூன்று காரியங்கள் தவறாமல் நடந்தாக வேண்டும். ஒன்று, கருத்து வேறுபாட்டைக் கைகலப்புக்கு விடாமல் தீர்மானமாக்கிக் குறித்து வைப்பது. இரண்டு, பணம் கொடுத்தவர் முன்பாகவே கணக்கை வாசிப்பது. மூன்று, பொறுப்புக் காலம் முடிந்ததும் பெட்டிச் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. இம்மூன்றும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில்தான் பதிவாகின்றன. தலைமை என்று மேலாண்மை நூல்கள் பல அதிகாரங்களில் விரிப்பதன் சாரம் ஏறத்தாழ இதுவே. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் இருபது வயதில் செயலாளராக்கப்பட்ட இளைஞன், தன்னைவிட மூத்தவரிடம் சந்தாப் பாக்கியைக் கேட்கும்போது கற்றுக்கொள்வதை எந்த வகுப்பறையும் அவனுக்குத் தந்துவிடாது.

இதை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. இத்தகைய சங்கங்கள் பல சாதி எல்லைக்குள் நின்றவை; ஆண்கள் கையிலேயே நெடுங்காலம் இருந்தவை; கணக்குத் தகராறில் உடைந்தவையும் உண்டு. எனினும் இங்கே கூர்ந்து நோக்கத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. தட்டச்சுக்குக் கிடைத்த சான்றிதழ் இத்திறனுக்குக் கிடைக்கவில்லை. பத்தாண்டுகள் ஒரு சங்கத்தைக் கட்டிக் காத்தவர் கோட்டைப் பகுதியின் ஓர் அலுவலக வாசலில் நின்றால், அவர் கையில் காட்டுவதற்குத் தாள் ஏதுமில்லை.

1966: சான்றிதழ் காக்காத நாள்கள்

அரை மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய தொலைவில் இரு கல்விகள் இவ்வாறு தனித்தனியே வளர்ந்தன. இப்பிரிவினையின் விலை 1966-க்குப் பின்னர் தெரிந்தது. பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ், நகர அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டுவந்தது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. தென்னிந்தியரின் உணவகங்களும் கடைகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. அலுவலகத்தில் மாட்டுங்கா எழுத்தரின் தகுதியைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை, அத்தகுதியே குற்றச்சாட்டானது.

மாட்டுங்காவில் அமைப்புகள் இல்லாமலில்லை. பள்ளியும் கல்லூரியும் சபாவும் கட்டியெழுப்பிய ஆற்றல் எளிதன்று. ஆனால் அவ்வாற்றல் பெரிதும் தன் சமூகத்துக்குள்ளேயே செலவாயிற்று. பக்கத்துத் தெருவின் மராத்தியத் தொழிலாளியோடும், ரயில் பாதைக்கு அப்பாலிருந்த தாராவித் தமிழரோடும் ஒரே மேசையில் அமரும் பழக்கத்தை அது உருவாக்கவில்லை. அடி விழுந்தபோது தாராவித் தமிழனும் ‘மதராசி’ என்றே அடிபட்டான். அதற்கு முன்புவரை இருவரும் ஒருவரையொருவர் அவ்வாறு கருதியதில்லை.

வரலாற்று நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மராத்தி இளைஞரின் வேலையின்மை கற்பனையன்று. 1970-களில் சிவசேனையின் சார்பில் வளர்ந்த ஸ்தானிய லோகாதிகார் சமிதி, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் உள்ளூர் இளைஞருக்குப் பணி கேட்டுப் போராடியதோடு நின்றுவிடாமல், தேர்வுக்கும் நேர்காணலுக்கும் பயிற்சியும் அளித்தது. அதன் அரசியலை ஏற்காதவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: பணித்திறனையும் அமைப்புத் திறனையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பதை அது புரிந்துகொண்டிருந்தது.

இரண்டையும் இணைக்க முயன்றவர்கள்

அப்புரிதலை வேறொரு நோக்கத்தோடு, அதற்கு முன்பே, இதே நகரில் செயல்படுத்தியவர் அம்பேத்கர். கொலம்பியாவில் ஜான் டூயியிடம் பயின்றவர் அவர். ஜனநாயகத்தை ஆட்சிமுறையாக மட்டுமின்றிச் சேர்ந்து வாழும் முறையாகக் கண்ட சிந்தனை மரபு டூயியுடையது. நாடு திரும்பிய அம்பேத்கர் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் கற்பித்தார். 1920-களில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டமும் நடத்தினார். பிழைப்புக்கான கல்வியை அவர் இழிவாகக் கருதியவரல்லர் என்பதற்கு இது சான்று.

1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அவர், 1946 ஜூன் 20 அன்று சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். வகுப்புகள் காலையிலேயே முடிந்துவிடும். பகலில் மாணவர் வேலைக்குச் செல்லலாம். இன்று ‘படித்துக்கொண்டே சம்பாதித்தல்’ என்று கொள்கை ஆவணங்கள் பேசுவதை அன்று ஒரு கால அட்டவணை செய்துமுடித்தது. அதே கல்லூரியில் மாணவர் நாடாளுமன்றமும் இயங்கியது. அதில் அம்பேத்கர் வந்து இந்து சட்டத் தொகுப்பு மசோதா குறித்து உரையாற்றினார். நாட்டையே பிளந்துகொண்டிருந்த ஒரு விவாதத்தை இளங்கலை மாணவர் முன் வைப்பதற்கு அவர் தயங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போலிப் பொருளை வைத்து நாடாளுமன்றம் நடத்தினால் போலித் தலைமையே கிடைக்கும்.

1956 ஜூலையில் அரசியலுக்கு வருவோருக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றையும் அவர் பம்பாயில் தொடங்கினார். முதல் அணியில் 15 மாணவர்கள். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். முதல் அணியே கடைசி அணியாயிற்று. அப்பள்ளி தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஊகம் வரலாற்றாசிரியனுக்கு உரியதன்று. ஆனால் தலைமை என்பது பிறவிக்கொடை அன்று, பாடத்திட்டம் வகுத்துக் கற்பிக்கத்தக்கது என்று ஒருவர் 1956-இலேயே நம்பிச் செயலில் இறங்கினார் என்பது ஊகமன்று.

செம்பூர்ப் பக்கம் மற்றொரு முயற்சி நடந்தது. 1936-இல் நாக்பாடா அண்டைவீட்டார் இல்லத்தில், கிளிஃபர்ட் மான்ஷார்ட்டை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சமூகப் பணிப் பள்ளியே, பின்னர் டாட்டா சமூக அறிவியல் கழகமாகி 1954-இல் தியோனாருக்கு வந்தது. களப்பணி அதன் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. புத்தகத்தில் படித்த வறுமையும், மழைக்காலத்தில் தகரக்கூரையின்கீழ்க் கேட்ட வறுமையும் வேறுவேறு என்பதை மதிப்பெண் முறைக்குள் கொண்டுவந்த முதல் இந்தியக் கல்வி நிறுவனம் அது எனலாம்.

கல்லூரிக்கு வெளியே ஓர் ஆசிரியர்

தியோனாருக்குச் சற்று அப்பால் மான்கூர்டில் ஜனதா காலனி என்ற குடியிருப்பு இருந்தது. கோலார் தங்கவயலில் 1946-இல் பிறந்து, தச்சு வேலை பார்த்து, அங்கு வந்து தங்கிய தமிழர் ஜோக்கின் அற்புதம். குப்பை அள்ளப்படாத குடியிருப்பின் சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமந்துபோய் நகராட்சி அலுவலகத்தின் முன்னே கொட்டச் செய்த கதையை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜனதா காலனி அகற்றப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அத்தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம், எதிர்ப்பு மட்டும் போதாது, கையில் கணக்கு வேண்டும் என்பது. அவர் நிறுவிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும், 1984-இல் தோன்றிய ஸ்பார்க் நிறுவனமும், 1986-இல் உருவான மகிளா மிலன் என்ற பெண்கள் சேமிப்பு அமைப்பும் இணைந்து, மக்களே தங்களைக் கணக்கெடுக்கும் முறையை வளர்த்தன. 1985-இல் ராஜீவ் காந்தி அறிவித்த 100 கோடி ரூபாய்த் திட்டத்தில் தாராவியும் இடம்பெற்றபோது, குடியிருப்போர் அமைப்புகள் வீடுவீடாகச் சென்று எண்ணின. அரசு மதிப்பிட்டதைக் காட்டிலும் மிகுதியான குடும்பங்கள் அங்கிருப்பது தெரியவந்தது. ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் வழங்கப்பட்டன. 2018-இல் அவர் மறைந்தார்.

கல்லூரிக்கு இதில் இடமே இல்லையா? உண்டு. 2010-இல் கம்லா ரஹேஜா வித்யாநிதி கட்டடக்கலைக் கல்லூரியும் ஸ்பார்க்கும் இணைந்து தாராவியின் மறுமேம்பாடு பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டன. இத்தகைய பணியில் மாணவன் அளக்கும் ஒவ்வோர் அடியும் ஒரு குடும்பத்தின் வீட்டுரிமையைத் தொடுகிறது. பிழை செய்தால் மதிப்பெண் குறைவதோடு முடியாது. யாரோ ஒருவர் பட்டியலிலிருந்து விடுபடுவார். பொறுப்புணர்வு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலை

இப்போது நம் கல்லூரிகளுக்குத் திரும்புவோம். 1989-இல் மாணவர் தேர்தல் பகையில் ஒரு மாணவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த அதிர்ச்சியின் விளைவாக, 1994-ஆம் ஆண்டின் மகாராட்டிரப் பல்கலைக்கழகச் சட்டம் நேரடித் தேர்தலுக்கு மாற்றாகத் தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் வகுப்புப் பிரதிநிதிகளை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வன்முறை குறித்த அச்சம் நியாயமானதே. ஆயின் அதன் விளைவு என்ன? வாக்குக் கேட்பது, தோற்பது, தோற்றபின் வென்றவரோடு பணியாற்றுவது ஆகிய மூன்று பாடங்களும் ஒருசேரக் கல்லூரியிலிருந்து வெளியேறின. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு மீண்டும் வழிவிட்ட பின்னரும் நடைமுறை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அவ்விடத்தை நிரப்ப வந்தவை பயிற்சித் திட்டங்கள். 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ‘ஜீவன் கௌசல்’ பாடத்திட்டத்தில் தகவல் தொடர்பு, தொழில்முறைத் திறன் ஆகியவற்றோடு தலைமையும் மேலாண்மையும் ஒரு தாளாக உள்ளது. 2022-இல் தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. இவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. நேர்காணலில் நடுங்கும் முதல் தலைமுறை மாணவனுக்கு, அறிமுகம் செய்துகொள்ளும் நான்கு வாக்கியங்களைப் பழக்கிவிடுவது பெரிய உதவி. தட்டச்சு இன்ஸ்டிட்யூட் ஒரு காலத்தில் செய்ததும் அதுதான். ஆனால் தட்டச்சின் தருக்கத்தை அப்படியே தலைமைக்கும் பொருத்துகிறோம். இத்தனை மணி நேரம், இத்தனை புள்ளி, ஒரு சான்றிதழ். அன்று தாராவிச் சங்கத்தில் அனுபவம் இருந்தது, சான்றிதழ் இல்லை. இன்று நம் வகுப்பறையில் சான்றிதழ் இருக்கிறது, அனுபவம் இல்லை.

இதைச் சரிசெய்யப் புதிய திட்டம் தேவையில்லை. இருப்பதையே வேறு விதமாக நடத்தலாம். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஒரு மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கிறது. அந்நேரத்தைப் பேரணிக்கும் மரக்கன்று நடுவதற்கும் சிதறடிக்காமல், இரண்டாண்டும் ஒரே குடியிருப்பில், ஒரே சங்கத்தோடு கழிக்கச் செய்யலாம். மாணவர் மன்றத்துக்கு உண்மையான வரவுசெலவு ஒன்றைக் கொடுத்து, அதன் கணக்கை மாணவர் கூட்டத்திலேயே வாசிக்கச் சொல்லலாம். தன் குடியிருப்பில் ஏற்கெனவே பொறுப்பு வகிக்கும் மாணவரின் பணியை, அங்குள்ளோரிடம் கேட்டுச் சரிபார்த்து மதிப்பிடலாம். கடைசி வழியில் ஓர் இடர் உண்டு என்பதையும் அறிவேன். சேமிப்புக் குழுவின் நோட்டுப் புத்தகம் மதிப்பெண்ணுக்காக எழுதப்படத் தொடங்கினால், அது குழுவின் புத்தகமாக நீடிக்குமா? இதற்கு என்னிடம் முடிந்த விடை இல்லை. விவாதிக்க வேண்டிய கேள்வி இது.

அந்த மாணவி இறுதியில் கட்டத்தை நிரப்பினார். ‘மகளிர் சேமிப்புக் குழுக் கணக்காளர், எட்டு ஆண்டுகள்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. எழுதிவிட்டு, “இதுக்கு என்ன சர்ட்டிஃபிகேட் சார் வைக்கணும்?” என்று கேட்டார். அறையில் இருந்த பயிற்றுநர் எவரிடமும், என்னிடமும், பதில் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவியிலும் செம்பூரிலும் மாஹிமிலும் வீடுகள் இடிபட்டு மாடிகளாக எழும் காலம் இது. வீடு மாறும்போது முதலில் பழைய காகிதக் கடைக்குப் போவது சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களும் வரவுசெலவு நோட்டுகளும்தான். உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஏதேனும் ஒரு சங்கத்தில் பொறுப்பு வகித்திருந்தால், பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைப்பதைப் படமெடுத்து வையுங்கள். இயன்றால் எனக்கும் தெரிவியுங்கள். நம் முன்னோர் கற்ற தலைமைக் கல்விக்கு எஞ்சியிருக்கும் சான்றிதழ்கள் அவை மட்டுமே.